ஃபோன் லாக்கரில் இருந்த நேரம்: ஸ்கார்பரோவில் ஒரு சிவில் இன்ஜினியர் குடும்பத்தின் முதல் எட்டு மாதம்

2024 செப்டம்பரில், திறன் அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) பெற்று டொராண்டோவில் வந்திறங்கிய குடும்பம் இது. கணவர் தமிழ்நாட்டில் சிவில் பி.இ. முடித்து, குடிநீர்த் திட்டங்களிலேயே 13 ஆண்டுகள் வேலை பார்த்தவர். மனைவி எம்.காம்., ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர். நான்கு வயதில் ஒரு மகள். கணவருக்குத் துறை சார்ந்த வேலை கிடைத்தது 2025 ஏப்ரல் கடைசியில். ஒரே குடும்பத்தின் கதைபோலச் சொன்னாலும், நான் பக்கத்திலிருந்து பார்த்த இரண்டு மூன்று குடும்பங்களின் விவரங்களைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வீட்டுச் செலவுத் தொகைகள் தோராயமானவை; சட்டம், விதி, அரசுத் தொகைகள் உள்ளவை உள்ளபடி.

எட்டு மாதம் என்பது இந்த ஊர்க் கணக்கில் மோசமில்லை. ஆனாலும் இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம், தாமதத்துக்கு எல்லோரும் சொல்லும் 'கனடிய அனுபவம் இல்லை' என்ற விளக்கம் இங்கே பாதிதான் பொருந்துகிறது. மீதிப் பாதி, எந்த மாதத்தில் வந்தார்கள், பகலில் எந்த நேரத்தில் அவரால் ஃபோனை எடுக்க முடிந்தது என்பதில் இருந்தது.

கையில் இருந்த பணம்

கனடாவில் வேலை உறுதியாகாமல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வருகிறவர்கள் குடியேற்றச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். 2024 மே மாதத் திருத்தத்தின்படி மூன்று பேர் குடும்பத்துக்கு 22,483 டாலர். அந்த அட்டவணையை எப்படி வகுக்கிறார்கள் என்று பலர் கவனிப்பதில்லை. நாட்டின் குறைந்த வருமானக் கோட்டில் பாதியை எடுத்துத்தான் அந்தத் தொகையை வைக்கிறார்கள். அதாவது, அந்தக் கோட்டை ஒட்டி வாழ்ந்தால் அரை வருடம் தாங்கும் பணம், அவ்வளவுதான். 'அரசாங்கமே இவ்வளவு போதும் என்கிறது' என்று நம்பி வருகிறவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இவர்கள் கொண்டுவந்தது சுமார் 24,000. டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இரண்டு அறை பேஸ்மென்ட், ஹைட்ரோவும் (மின்சாரத்துக்கு இங்கே அந்தப் பெயர்) ஹீட்டிங்கும் சேர்த்து மாதம் 1,900. வீட்டுக்காரர் முதலில் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்டார். வேலையும் இல்லை, கிரெடிட் வரலாறும் இல்லை என்றால் இப்படிக் கேட்பது இங்கே சகஜம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, முன்பணமாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் வற்புறுத்திக் கேட்கக்கூடாது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது என்பதும் உண்மை. தெரிந்த ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட முன்வந்ததால் 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்', அதாவது முதல் மாத, கடைசி மாத வாடகை மட்டும் கொடுத்து உள்ளே போனார்கள். அதிலேயே 3,800 போய்விட்டது. மெத்தை, பாத்திரம், மூன்று பேருக்கும் குளிர் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து முதல் மாதம் ஏழாயிரம்.

அப்புறம் மாதம் 3,200. எங்கே இறுக்கினாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. செப்டம்பர் கழிந்தபோது மீதி 17,000. அக்டோபரில் தொடங்கி ஐந்து மாதம் எண்ணினால் பிப்ரவரிக் கடைசியில் கையில் ஆயிரம் டாலர் நிற்கும். மனைவி இதை ஒரு நோட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார். தேதி தெரிந்த பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது என்று பின்னால் சொன்னார்.

வரவு பக்கத்தில் ஒன்றை மட்டும் தாமதிக்காமல் செய்தார்கள். சின் நம்பர் (வேலைக்கும் அரசு உதவிக்கும் தேவையான சமூகக் காப்பீட்டு எண்) வந்த வாரமே குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு ஆர்சி66 படிவத்தை அனுப்பினார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த ஆண்டு உச்சத் தொகை 7,787 டாலர், மாதம் சுமார் 649. பிஆர் உள்ளவர்கள் இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. வருவதற்கு முந்தைய வருமானத்தை மட்டும் தனித்தாளில் காட்ட வேண்டும். பணம் டிசம்பரில் நிலுவையோடு வந்தது. மகள் அரசுப் பள்ளியில் ஜூனியர் கிண்டர்கார்டனில் சேர்ந்ததால் பகல் பராமரிப்புச் செலவும் இல்லாமல் போனது. ஊரிலேயே வாங்கிவந்த மூன்று மாத மருத்துவ இன்ஷூரன்ஸ்தான் வீண். மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப்புக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள். பழைய வீடியோக்கள் இன்னமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

செப்டம்பரில் வந்ததில் இருந்த சிக்கல்

பள்ளி திறக்கும் மாதம், குளிருக்கு முன்னால் வந்துவிடலாம் என்ற கணக்கில் செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தையை வைத்துப் பார்த்தால் சரியான முடிவு. அவர் தொழிலை வைத்துப் பார்த்தால் அதைவிட மோசமான மாதம் கிடையாது.

ஒன்டாரியோவில் குழாய் பதிப்பு, கழிவுநீர்க் குழாய், சாலை வேலைகளெல்லாம் மண் இளகும் வசந்தத்தில் தொடங்கி உறையும்வரை நடப்பவை. குளிர்காலத்தில் டெண்டர் வெளிவரும். கன்சல்டிங் நிறுவனங்கள் அந்த ஆண்டின் சைட்டுகளுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை. அக்டோபரில் விண்ணப்பிக்கிறவரின் ரெஸ்யூமே, வேலை முடித்து ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. பதில் வராததை அவர் தன் தகுதிக் குறைவாக எடுத்துக்கொண்டார். அந்த மாதங்களில் இங்கேயே படித்தவர்களுக்கும் அதே மௌனம்தான் பதில் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஃபிரிட்ஜில் இருந்த நோட்டையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை புரியும். பணம் தீர்கிற மாதமும் வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்குகிற மாதமும் ஒன்று.

லாக்கர்

நவம்பர் நடுவில் ஏஜென்சி மூலம் ஒரு கிடங்கில் சேர்ந்தார். முதலில் அணுகிய ஏஜென்சி 'பதிவுக் கட்டணம்' என்று 300 டாலர் கேட்டது. வேலை தேடுபவரிடம் அப்படி வாங்குவது சட்டவிரோதம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் தப்பித்தார். 2024 ஜூலை முதல் ஒன்டாரியோவில் இந்த ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

சம்பளம் அப்போதைய குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 17.20. வாரம் 40 மணி நேரத்துக்கு, பிடித்தம் போக மாதம் 2,400 வரை வந்தது. வேலை காலை ஏழரை முதல் நாலு மணிவரை. பொருள் எடுக்கும் தளத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக்கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இடைவேளை மதியம் அரை மணி.

இங்கேதான் கோளாறு. இந்த ஊரில் முதல் சுற்று நேர்காணல் என்பது பெரும்பாலும் ஒரு சின்ன ஃபோன் அழைப்பு. ஹெச்ஆரிலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் கூப்பிடுவார்கள், அலுவலக நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து. எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயில் விடுவார்கள். இவர் வாய்ஸ்மெயிலை அமைத்தே வைக்கவில்லை. ஊரில் அதை யார் பயன்படுத்தினார்கள்? தவறிய அழைப்பைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுவதுதான் நம் பழக்கம். நாலரை மணிக்குப் பேருந்தில் ஏறிக்கொண்டே திருப்பிக் கூப்பிட்டால், நிறுவனத்தின் பொது எண்ணுக்குப் போய், 'யார் அழைத்தார்கள் என்று தெரியாது' என்று முடிந்துவிடும். ஜனவரியில் ஃபோனை எடுத்துப் பழைய அழைப்புகளைப் பார்த்தபோது, தான் விண்ணப்பித்திருந்த நிறுவனங்களின் எண்கள் சில அதில் இருந்தன.

'சர்வைவல் ஜாப் (பிழைப்புக்காகச் செய்யும் துறை சாராத வேலை) எடுக்காதே, எடுத்தால் அதிலேயே மாட்டிக்கொள்வாய்' என்று புதிதாக வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கிடங்கு வேலை இல்லாவிட்டால் பிப்ரவரியில் இந்தக் குடும்பம் டிக்கெட் போட்டிருக்கும். பகல் ஷிஃப்ட்தான் அவரை மாட்ட வைத்தது. ஜனவரி கடைசியில் மாலை நாலரை முதல் நள்ளிரவு ஒரு மணிவரையான ஷிஃப்டுக்கு மாறினார். மாறின பிறகு உடம்பு படாத பாடு பட்டது. கிடங்கு வாசலில் இரவுப் பேருந்துக்கு நிற்கும் நேரம் குளிரில் நீண்டுகொண்டே போகும். ஆனால் காலை பத்து முதல் மூன்று மணிவரை ஃபோன் கையில் இருந்தது. வாய்ஸ்மெயிலில் தன் பெயரைத் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்தார். பிப்ரவரியில் வந்த அழைப்புகளை அவரே எடுத்தார்.

ரெஸ்யூமேயில் ஒரு வரி

மகளின் பள்ளி வாசலில், பேரனை விட வரும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் பழக்கமானார். நகராட்சி வேலைகளில் இன்ஸ்பெக்டராக நீண்ட காலம் இருந்தவர். (இப்படிச் செய்வதற்கென்றே, புதிதாக வந்தவர்களின் வேலைவாய்ப்புக்காக இயங்கும் டிரியெக் போன்ற அமைப்புகளின் வழிகாட்டித் திட்டங்கள் இருக்கின்றன, இலவசம்தான். இவருக்கு வாய்த்தது பள்ளி வாசல்.) ரெஸ்யூமேயை ஃபோனிலேயே பார்த்துவிட்டு அவர் சொன்னது:

"தம்பி, உந்தக் கோடிக் கணக்கை எடுத்துப்போட்டு, எத்தினை கிலோமீட்டர் பைப் போட்டனீர், என்ன சைஸ் எண்டு எழுதும். இஞ்ச ஆருக்கும் கோடி விளங்காது."

முதல் வரி அதுவரை இப்படி இருந்தது: '45 கோடி ரூபாய் மதிப்பிலான குடிநீர்த் திட்டத்தின் முழுப் பொறுப்பையும் வகித்த துணைப் பொது மேலாளர்.' மாற்றிய பிறகு: '150 முதல் 400 மில்லிமீட்டர்வரை டக்டைல் அயர்ன், பிவிசி குழாய்கள் 38 கிலோமீட்டர் பதிப்பு மேற்பார்வை, அழுத்தச் சோதனை, குளோரின் கலந்து கழுவுதல், மண் இறுக்கச் சோதனை, தினசரி சைட் அறிக்கை.' துணைப் பொது மேலாளர் என்ற பதவியைக் கீழே தள்ளியதுதான் அவருக்கு வலித்தது. கேட்டால் 'பரவாயில்லை அண்ணே' என்றுதான் சொல்வார்.

பதவியோடு இலக்கும் மாறியது. ஒன்டாரியோவில் பொறியாளர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான பிஇஓவின் உரிமம் இல்லாமல் 'இன்ஜினியர்' என்று போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. உரிமத்துக்குக் கனடாவில் ஓராண்டு அனுபவம் வேண்டும் என்ற விதியை பிஇஓ 2023 மே மாதம் எடுத்துவிட்டது. 48 மாத அனுபவத்தைத் திறன்வாரியாக எழுதிக்காட்ட வேண்டும், தொழில் நெறி, சட்டம் பற்றிய என்பிபிஇ தேர்வு எழுத வேண்டும், படிப்பைப் பொறுத்துக் கூடுதல் தேர்வுகளும் வரலாம். நல்ல மாற்றம்தான், ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை, வாடகை அதுவரை காத்திருக்காது. இவர் அதுவரை விண்ணப்பித்தது இரண்டே வகை: உரிமம் கேட்கும் ப்ராஜெக்ட் இன்ஜினியர் வேலைகள், அல்லது கிடங்கு. நடுவில் இருக்கும் கட்டுமான இன்ஸ்பெக்டர், எஸ்டிமேட்டர், டெக்னாலஜிஸ்ட் வேலைகளைத் தனக்குக் கீழானவை என்று தள்ளியிருந்தார். அண்ணர் காட்டியது அந்த நடு வரிசையை.

கனடிய அனுபவம் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டிப்பான நிபந்தனையாக வைப்பது பார்த்த பார்வைக்கே பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது, சம்பள வரம்பையும் போட வேண்டும். விளம்பரத்தில் அந்த வரி மறைந்தாலும் உள்ளே 'ஓபிஎஸ்எஸ் தெரியுமா?' என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும். என்னைக் கேட்டால் அது நியாயமான கேள்வியும்கூட. ஒன்டாரியோ மாகாணத் தர விவரக்குறிப்புகள்தான் ஓபிஎஸ்எஸ். இங்கே நகராட்சி வேலை எல்லாம் அதன்படிதான். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. திறந்த பள்ளத்தில் குடிநீர்க் குழாய் பதிப்புக்கு 441, கழிவுநீர்க் குழாய்க்கு 410, பள்ளம் தோண்டி மூடி இறுக்குவதற்கு 401. இந்த மூன்றையும் பிப்ரவரி முழுக்க, காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவந்து படித்தார்.

படித்ததில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். குழாய் குழாய்தான், வால்வு வால்வுதான். வேறுபட்டது பனியும் பாதுகாப்பும். ஊரில் ஒரு மீட்டர் மண் மூடினால் போதும் என்று பதித்தவருக்கு, உறைபனிக்காக இங்கே 1.8 மீட்டர் அளவுக்கு மேல்மண் வேண்டும் என்பது புதிது. ஆழம் கூடினால் பள்ளம் சரியும் ஆபத்தும் கூடும் அல்லவா? மார்ச்சில் நடந்த நேர்காணலில் கேட்டது அதைத்தான்: இரண்டு மீட்டர் பள்ளத்தில் ஆள் இறங்கி நிற்கிறார், பக்கச் சுவருக்கு முட்டு இல்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்? காண்ட்ராக்டரிடம் சொல்லிச் சரிசெய்ய வைப்பேன் என்பதுதான் அவருடைய பழைய வழக்கம். அன்று சொன்ன பதில் வேறு: முதலில் ஆளை மேலே ஏறச் சொல்வேன், காண்ட்ராக்டரின் சூப்பர்வைசருக்கும் என் ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் உடனே தெரிவிப்பேன், மணி, இடம், ஆழத்தோடு அன்றைய அறிக்கையில் எழுதுவேன், 1.2 மீட்டருக்கு மேல் போனால் முட்டு கொடுக்க வேண்டும், அல்லது மண்ணின் வகையைப் பார்த்துச் சரிவாக வெட்ட வேண்டும். கேட்டவர் அடுத்த கேள்வியாக, 'சொந்தக் கார் இருக்கிறதா?' என்றார்.

கார்

இன்ஸ்பெக்டர் வேலை விளம்பரங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: முழு ஜி லைசென்ஸ் (ஒன்டாரியோவின் முழுமையான கார் ஓட்டுநர் உரிமம்), சொந்த வாகனம். சைட் இன்று மார்க்கம் நகரில் இருக்கும், அடுத்த வாரம் ஓக்வில்லில் இருக்கும்; பேருந்தில் போய் ஏழு மணிக்கு நிற்க முடியாது.

லைசென்ஸ் விஷயத்தில் இவர் முன்யோசனை காப்பாற்றியது. இரண்டு ஆண்டுக்கு மேல் வண்டி ஓட்டிய அனுபவத்துக்கு அரசு தரப்புச் சான்று இருந்தால், எழுத்துத் தேர்வு முடித்துவிட்டுக் காத்திருப்பு இல்லாமல் ஜி ரோடு டெஸ்டுக்கே போகலாம். சான்று இல்லாதவர் படிப்படியாக ஏற வேண்டும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கிளம்புவதற்கு முன்பே ஆர்டிஓவில் அலைந்து அந்தத் தாளை வாங்கிவைத்திருந்தார். பனி பெய்த ஒரு பிப்ரவரி நாளில் ஜி டெஸ்ட் தேறினார்.

காருக்குப் பணம் எங்கிருந்து? நோட்டின் கணக்குப்படி பிப்ரவரி முடிவில் ஆயிரம் மட்டும் இருந்திருக்க வேண்டும். கிடங்குச் சம்பளமும் குழந்தைத் தொகையும் சேர்ந்து கையில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. அதில் எட்டாயிரத்துக்குப் பழைய கொரோலா ஒன்றை வாங்கினார்கள். இன்ஷூரன்ஸ் மாதம் 300-க்கு மேல். இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களை இது பிழிந்துவிடுகிறது. அவர் வெறுத்த வேலைதான் அந்தக் காரை வாங்கித் தந்தது.

மனைவியின் பக்கம்

மனைவிக்கு வேலை முதலில் கிடைத்தது. பிப்ரவரியில், ஒரு சிறு நிறுவனத்தில் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் கணக்குப் பிரிவில். கணக்கு வேலைக்குப் பருவம் கிடையாது. அந்த நிலையில் உரிமமும் கேட்பதில்லை. மாகாண அரசின் வேலைவாய்ப்பு உதவி மையமான எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோவில் இலவசமாக எக்செலும் குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளும் கற்றுக்கொண்டு உள்ளே போனார்.

அவர் சேர்ந்ததும் மாலையில் ஒரு ஓட்டை விழுந்தது. பள்ளி மூன்றரைக்கு விடும். கணவருக்கு நாலரைக்கு ஷிஃப்ட், கிடங்குக்குப் போக முக்கால் மணி. மனைவி வீடு சேர ஆறு. பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பில் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல். மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா பணத்துக்குப் பார்த்துக்கொண்டார். இப்படி ஒருவர் கிடைக்காமல் வேலையை விட்ட பெண்களையும் எனக்குத் தெரியும். வேலை தேடுவதைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டரை மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா

ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: வாய்ஸ்மெயிலும் மாலை ஷிஃப்டும் நவம்பரிலேயே இருந்திருக்கலாம். ஆள் எடுப்பது பிப்ரவரியில்தான் சூடுபிடிக்கும் என்றாலும், தவறிய அழைப்புகள் அதற்கு முன்பே வந்தவை.

வந்த மாதத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிஆர் உறுதிப்படுத்தல் தாளில் போட்டிருக்கும் கடைசி நாள் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையிலிருந்து ஓர் ஆண்டை ஒட்டி இருக்கும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். முதன்மை விண்ணப்பதாரர் முன்னால் வந்து, குடும்பம் பிறகு வரலாம். அவர் மட்டும் ஜனவரியில் வந்து, ஓர் அறையில் தங்கி, ஓபிஎஸ்எஸ்ஸை விமானம் ஏறும் முன்பே படித்திருந்தால் செலவு பாதிக்கும் கீழே வந்திருக்கும், வந்த சில வாரங்களில் நேர்காணலும் இருந்திருக்கும். ஆனால் மனைவி பிப்ரவரியில் வேலைக்குப் போனது அவரும் செப்டம்பரிலேயே வந்ததால்தான். நான்கு வயதுப் பிள்ளை அப்பாவை அரை வருடம் வீடியோவில் மட்டும் பார்ப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. மென்பொருள்காரருக்கோ செவிலியருக்கோ இந்தப் பருவக் கணக்கு பொருந்தாது. அவரவர் தொழிலில் ஆள் எடுக்கும் மாதம் எது என்று விசாரிப்பது மட்டும் எல்லோருக்கும் பொருந்தும்.

இப்போது

கணவர் ஏப்ரல் கடைசியில் மணிக்கு 30 டாலரில், ஒப்பந்த அடிப்படையில் இன்ஸ்பெக்டர் வேலையில் சேர்ந்தார். கோடை முழுக்க மிகைநேரமும் கிடைத்தது. நவம்பரில் சைட்டுகள் மூடியபோது, ஒப்பந்தத்தில் இருந்த வேறு சிலரை நிறுத்தினார்கள். இவரை வரைபடத் திருத்தங்களுக்கும் அளவுக் கணக்குக்கும் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள், வாரம் மூன்று நாள். வேலையிழப்புக் காப்பீட்டுக்குத் தேவையான மணி நேரம் சேர்ந்துவிட்டதா என்று சம்பளச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து வைத்திருக்கிறார். மீதி இரண்டு நாளில் பிஇஓவுக்கான அனுபவ அறிக்கையை எழுதுகிறார். தமிழ்நாட்டு வேலைகளைச் சரிபார்த்துச் சொல்ல அங்கே பழைய மேலதிகாரி ஒருவர் வேண்டும். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், மின்னஞ்சல் பார்ப்பதில்லை. அந்த மேலதிகாரியின் மகன் மூலமாக வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.